பாத்திரத்தில் வெட்டிய பெயர்

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில், ஒரு ஸ்பூன் விடாமல், என் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். கல்யாணச் சீர் வாங்கிய அன்று வேலூர்க் கடையில் காலையிலிருந்து உட்கார்ந்து அப்பா வெட்ட வைத்தார். ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தபிறகுதான் கீழே வைத்தார். நாளைக்கு எது யாருடையது என்று குழப்பம் வரக் கூடாதாம்.

அதே அப்பாவிடம்தான், ஆடுகோடியில் ஃபிளாட் வாங்கியபோது, "ரெண்டு பேர் பேர்லயும் எழுதிக்கலாமாப்பா?" என்று ஃபோனில் கேட்டேன்.

"வேணாம்மா. மாப்ள பேர்லயே இருக்கட்டும். நம்பிக்கை இல்லாம கேக்கறோம்னு நெனச்சுக்குவாரு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் நகைகளை விற்றுத்தான் முன்பணம் கொடுத்தோம். அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போனது. என் சம்பளம் மளிகை, பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து என்று கரைந்தது. பருப்பு வாங்கியதற்கு யார் பத்திரம் எழுதித் தருகிறார்கள்?

பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிரிவது என்று முடிவானதும் அதெல்லாம் வந்து இடித்தது. பத்திரம் யார் பேரிலோ வீடு அவருக்கு, மனைவிக்குத் தானாகப் பாதி வராது என்றார் என் வக்கீல். நகை விற்ற ரசீதும் கணவர் பேரில் இருந்தது. பாதி கிடைத்தால்தான் நானும் மகளும் சொந்தமாக ஒரு கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியும்.

சமரச மையத்தில் அவருடைய வக்கீல், "பாத்திரத்துல அவங்க பேர் இருக்கு, தாராளமா எடுத்துக்கட்டும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வக்கீல் மேல் இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா மேல். "ஸ்பூனுக்குப் பேர் வெட்டின மனுஷன் வீட்டுக்கு வேணாம்னாரு மேடம். அவரையே கேளுங்க" என்று சமரசம் பேசிய அம்மாளிடம் சொன்னேன்.

அவர் அப்பாவை உள்ளே கூப்பிட்டார். அப்பா உட்காரவில்லை. கணவரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மாப்ள, அவ கேட்டா. வேணாம்னது நானு. தப்பு என்னுது. அவள தண்டிக்காதீங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. யார் முன்னாலும் அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கணவர் எழுந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். "அன்னைக்கு ஃபோன்ல நீங்க சொன்னத நானும் கேட்டுட்டுதான் இருந்தேன் மாமா. எனக்குச் சௌகரியமா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன்" என்றார். அவருடைய வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுங்க சார். வீட்ட வித்து ஆளுக்குப் பாதி" என்று கணவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவரோடு வாழ முடியாமல்தான் பிரிந்தேன், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

வந்த பாதியில் ஆனேக்கல்லில் சின்ன ஃபிளாட் ஒன்று வாங்கினேன். பதிவு முடிந்ததும் அப்பா பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரைத் தேடிப் பிடித்தார். பிறகு அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.