பயூமியின் தொட்டியும் ஐந்து மாடி ரொட்டியும்

மைக்ரோபஸ் ஓட்டிய முப்பது வருடமும் பயூமி யார் பேச்சையும் கேட்டதில்லை. வேலையை விட்ட பிறகு மட்டும் கேட்டுவிடுவாரா? நைல் கரையோர இம்பாபாவில் தான் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், மனைவி தவ்லத்தின் கோழிக்கூண்டைக் கிளப்பிவிட்டு மீன்தொட்டி வைத்தார். மீன் கழிவு கலந்த தண்ணீர் குழாயில் ஏறி முலுக்கியா கீரைக்கு உரமாகும். கீரை வடிகட்டிய தண்ணீர் மீனுக்கே திரும்பும்.

மடவைதான் வளர்ப்பேன் என்று முதலில் அடம்பிடித்தார். பொல்தி, அதாவது ஜிலேபிக் கெண்டை, கண்டவனும் தின்கிற மீனாம். மீன் வியாபாரி சிரித்துவிட்டார்.

"மடவைக்குக் கொஞ்சம் மூச்சு முட்டினாலும் மல்லாந்துடும்ணே. பொல்தியே வாங்கிட்டுப் போங்க. நீங்க அடிக்கிற கூத்தையெல்லாம் அதுதான் தாங்கும்."

நாற்பது பொல்திக் குஞ்சுகள் வந்தன. தவ்லத் கெடு வைத்தாள்.

"ஆறு மாசம். மன்சூராலேர்ந்து எங்கண்ணன் வர்றப்ப உங்க மீன் தட்டுல இருக்கணும். இல்லேன்னா தொட்டி தெருவுக்கு, கோழி மாடிக்கு."

ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்குத்தான் தீவனம் போட வேண்டும் என்று மீன் வியாபாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள், பாவமாம். முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, ஜன்னலோரம் வைப்பார்கள். அங்கே அது கல்லாகிக் கிடக்கும். இப்போது மீன் வந்துவிட்டதல்லவா, ஐந்து மாடிப் பாவமும் பை பையாகப் படியேறியது.

"மீனும் அல்லா படைச்சதுதானே பயூமி அண்ணே," என்பாள் மூன்றாம் மாடி இஷ்ராக்.

ரொட்டியைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் தொட்டியில் போட்டார்.

அண்ணன் வர ஒரு வாரம் இருக்கையில் தண்ணீர் நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பதினொன்று செத்து மிதந்தன. பயூமி அழுதார், மீசை நனைய அழுதார்.

கோழிப் பேச்சை எடுப்பாள் என்று பார்த்தால், தவ்லத் சல்லடையைக் கொண்டு வந்து ரொட்டிக் கூழை அள்ளினாள்.

"இனிமே ஒரு துண்டு மேல ஏறக்கூடாது."

"எப்படிச் சொல்றது தவ்லத்? பாவம் இல்லையா?"

"கொன்னது மட்டும் புண்ணியமா?"

குளோரின் போக வெயிலில் வைத்த தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து பாதித் தொட்டியை மாற்றினார்கள். மூன்று நாள் மீனுக்குப் பட்டினி. இருபத்தொன்பது பிழைத்தன.

வெள்ளிக்கிழமை அண்ணன் ஃபவ்ஸி நான்கு மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றார். முலுக்கியாவை வழித்துக் குடித்தார்.

"மச்சான், மாடியிலேயே நைல் நதியை ஓட விட்டுட்டீங்களே!"

பயூமிக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபவ்ஸி மிச்ச ரொட்டியை எடுத்தார், முத்தமிட்டார், நெற்றியில் ஒற்றினார், நேரே மாடிப்படிக்கு நடந்தார். பயூமி பின்னாலேயே ஓடினார். விருந்தாளியை, அதுவும் மச்சானை, எப்படித் தடுப்பது?

அதற்குள் தவ்லத் படியில் ஏறி இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

"எங்கே போறே அண்ணே?"

"மீனுக்குப் போட்டுட்டு வர்றேன்."

"முத்தம் குடுத்தாச்சுல்ல? உட்காந்து நீயே தின்னு. என் தொட்டிக்கிட்ட போனே, காலை ஒடிச்சுடுவேன்."

ஃபவ்ஸி படியிலேயே உட்கார்ந்து, கடைசித் துணுக்கு வரை மென்று தின்றார்.