பெயர்ந்த இதழ்

ரொறன்ரோவுக்கு அருகே ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் பழம்பொருள் கடையில் மெழுகு வாசம் மூக்கில் ஏறியதுமே மகளின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் ஓர் ஆங்கிலேய அலுமாரியின் பூவேலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஸ்டொப்! சும்மாதானே பாக்கிறன்."

என் அம்மா துப்புரவு வேலைக்குப் போன, இப்போது இடித்துவிட்ட ரொறன்ரோ வீட்டிலும் இதே வாசம்தான்: அங்கிருந்த அலுமாரியின் மஹோகனிப் பலகையில் மஞ்சளும் கறுப்புமாய் மெல்லிய மரச்சீவல்கள் பதித்த பூக்கள், வேலை முடியும்வரை அவற்றை விரலால் வருடியபடியே கழிந்த என் எட்டு வயதுச் சனிக்கிழமைகள். ஒருநாள் என் நகம் பட்டு ஓர் இதழ் பெயர்ந்தது. அம்மா மதியச் சோற்றைப் பசையாக மசித்து ஒட்டினார். வீட்டுக்கார வெள்ளைக்காரி பருக்கையைக் கண்டுவிட்டாள்.

"அம்மாதான் உடைச்சதெண்டு சொல்லு பிள்ளை," என்றார், ஆங்கிலம் தெரியாத அம்மா.

அப்படிச் சொன்னால் அம்மாவின் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். அம்மா சொன்னதை ஒரு சொல்கூடப் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.