வாசலில் ஆள்

அக்காவுக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போனபிறகு, ஹெந்தளையில் இருக்கும் தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

"வெள்ளவத்தை ஃபிளாட்டைப் பூட்டிப்போட்டு என்னோட வாங்கோ அக்கா. ஆர் வந்தாலும் தெரியாது, குக்கர் கூவினாலும் தெரியாது. தனிய எப்பிடி இருப்பியள்?"

உதட்டசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும் அக்கா, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வீடு அவளுக்கு உயிர்.

நான் கொள்ளுப்பிட்டியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். "கொஞ்ச நாள் பொறடா. அவவின்ர ஃபோனையே காதாக்கிக் காட்டுறன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கான சத்தங்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட வேண்டும். எனக்கென்ன வேறு வேலைவெட்டி இல்லையா? பழைய ஃபோன் ஒன்றை அக்கா வீட்டு முன் ஹோலில் வைத்து, கேட்பதையெல்லாம் பதியவிட்டேன். பதிந்ததில் இடையிடையே துண்டுகளை மறைத்து, அங்கே என்ன இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரையே ஊகிக்க வைத்தேன். ஊகித்து ஊகித்து, ரயில், காகம், பாண் விற்க வரும் ஆட்டோவின் பாட்டு என்று அது தானாகவே குவியல் குவியலாகத் தரம்பிரிக்கப் பழகிவிட்டது. நான் பெயர் சொல்லிக் கொடுத்தது குக்கருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கோலிங் பெல்லுக்கும் மட்டும்தான்.

அதை அக்காவின் ஃபோனில் ஏற்றினேன்; குக்கர் கூவினால் அவளின் கையில் ஃபோன் அதிர்ந்தது. வாசலில் ஆள் வந்தால் மட்டும் செத்த பிணம்போலக் கிடந்தது. விசர் வராத குறை எனக்கு. கடைசியில் பெயர் வைக்காத குவியல்களைப் போட்டுக் கேட்டேன். ஒன்றில் முழுக்க இரும்புச் சத்தம்.

அட கோதாரி! கரண்ட் கட் காலத்தில் பெல்லை நம்பாமல், பூட்டுத் திறப்பால் கிரில் கேட்டில் தட்டப் பழகிய சனம் நாங்கள். கரண்ட் வந்தும் பழக்கம் போகவில்லை. அக்காவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் நானே தட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பேன். ஒருவரும் அடிக்காத பெல்லை நானே அடித்துப் பதிந்து, மினக்கெட்டுப் பெயர் வைத்திருக்கிறேன்! அந்தக் குவியலில் நாலைந்து சத்தத்துக்கு 'வாசல்' என்று பெயர் போட்டேன். அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சொல்லாமல் கொள்ளாமல், அக்காவை ஏற்றிக்கொண்டு போக வேன் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினான். அக்கா வீட்டு ஜன்னலால் நான் கண்டுவிட்டேன். ஃபோனே சொல்லட்டும் என்று அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

அவன் கிரிலில் தட்டியதுதான் தாமதம், அக்கா ஃபோனைப் பார்த்தாள், எழுந்தாள், விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தாள். தம்பி தூக்கிய கையோடு நின்றான்.

"ஏனடா உப்பிடிப் போட்டுத் தட்டுறாய்? எனக்கென்ன, காது கேக்காதோ?"