மூன்றாம் ஓலை

ஜெயமணி அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி மகன் தொலைபேசியில் சொன்னபோது, "சரி, வைங்க" என்று வைத்துவிட்டு, அக்கா வீட்டு எண்ணுக்கு நானே திருப்பிக் கூப்பிட்டேன். "சாவுச் செய்தி வந்தா உடனே அழுதிரக் கூடாது. திருப்பிக் கூப்பிட்டு, நெசந்தானான்னு கேட்டுட்டு அழு" என்பது அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மறுமுனையில் அதே பையன்தான் எடுத்தான். "அத்தை போயிட்டாவ" என்றான். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

கோவில்பட்டி தொலைபேசி நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாம் வாங்கி வந்த காபியை முதலில் நம்மையே குடிக்கச் சொல்வார். டிரங்க் கால் போட்டுக்கொடுத்து, லைன் கிடைத்ததா என்று கேட்கிற நேரத்தில், "லோடு கயத்தாறு தாண்டிட்டு அண்ணாச்சி" என்று தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் யாராவது அளப்பது காதில் விழும். "லாரி இன்னும் இங்கனதான் நிக்கும். குரலே சொல்லுதுலா" என்று அக்கா உதட்டைச் சுழிப்பார். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அவருக்குக் கல்யாணமாகி, ஒரே வருடத்தில் கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் செல்வின். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வக உதவியாளர். பெண் பார்க்க வந்த அன்று நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டுச் சபையிலும் மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் அறிவிப்பு வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வார்கள். ஓலை வாசிப்பது என்போம். தடை என்று யாரும் எழுந்திருப்பதில்லை. சபையார் அடுத்த பாட்டைத் தேடிப் பக்கம் புரட்டுவார்கள், கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் குனிந்துதான் இருந்தேன். இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வார ஞாயிறு பாளையங்கோட்டைக்குப் போறோம். ஊசிக்கோபுரம் பாக்க."

"நெசமா எதுக்குக்கா?"

"அவன் ஓலைய வாசிக்கும்போது அவன் சபைக்காரங்க மூஞ்சியப் பாக்கணும். அவனப் பத்தி ஏதாவது தெரிஞ்சா, அது மூஞ்சில வந்து நிக்கும்லா. இது மூணாவது ஓலை. இத விட்டா பொறவு கெடையாது."

எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. வீட்டில், அக்காவின் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார் என்பதற்காக அக்கா கயத்தாறுக்கு முன்பே இடம் மாறி உட்கார வைத்தார். ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். செல்வின் சபையார் கூடும் தேவாலயம்; சின்ன வயதிலிருந்து காலண்டரில் மட்டுமே பார்த்த கோபுரம் அது. வெள்ளையாக, ஒல்லியாக மேலே ஏறிக்கொண்டே போனது. நான் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றேன்.

"மேல என்னட்டி பாக்கே? கீழ பாரு. யாரு வாரா, யாரு நம்மளப் பாக்கான்னு பாரு" என்றார் அக்கா.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்தோம். முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். போதகர் என் பெயரையும் அவர் பெயரையும் வாசித்து, இது மூன்றாம் அறிவிப்பு என்றார். பக்கங்கள் புரளும் சத்தம். எங்களுக்கு முன்னால் நீலச் சேலைக்காரி ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில் எதையோ சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

ஆராதனை முடிந்ததும் அக்கா நேராக அந்த நீலச் சேலைக்காரியிடம் போனார். கோபுரத்தின் உயரத்தில் ஆரம்பித்தார். ரொம்ப நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "இன்னைக்கு ஓலை வாசிச்சாவளே, அந்த மாப்பிள்ளை இங்கனதான் இருக்காவளா?" என்று மெதுவாக இறக்கினார்.

"செல்வினா? இன்னைக்கு வந்திருக்கான். போன வாரந்தான் ஆளையே காணோம். ஓலை வாசிக்கிற அன்னைக்கு மாப்பிள்ளை எங்க போனான்னு அவிய வீட்லயும் தெரியல. அதான் சிரிச்சோம்" என்றாள் அவள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "கேட்டியாட்டி? வீட்டுக்கும் தெரியாம எங்கயோ போயிருக்கான்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நாம் பயந்தது சரிதான், கல்யாணம் இத்தோடு நின்றது என்றே முடிவுகட்டிவிட்டேன். அப்போதுதான் ஆண்கள் வாசல் வழியாக வெளியே வந்த செல்வின் எங்களைப் பார்த்துவிட்டு, வேகமாக நடந்து வந்தார். என்னிடம் வரவில்லை. அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"உங்களுக்கு என்னமோ தெரியும். என்னன்னு சொல்லிருங்க" என்றார்.

அக்கா ஓரடி பின்வாங்கினார். "எனக்கு என்ன தெரியும்?"

"போன ஞாயித்துக்கெழம நான் கோவில்பட்டில உங்க கோயில்ல இருந்தேன். தூணுக்குப் பின்னால. ஓலை வாசிக்கும்போது எல்லாரும் பாட்டுப் புஸ்தகத்தப் புரட்டுதாவ. நீங்க ஒருத்தர் மட்டும் திரும்பித் திரும்பி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல."

"நீங்க எதுக்கு அங்கன வந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "பொண்ணு பாக்கப் போனப்போ இவிய வாயே தெறக்கல. விருப்பமில்லாம கட்டிக் குடுக்காவளோன்னு சந்தேகம். யாராவது மூஞ்சில தெரியுமான்னு பாக்க வந்தேன்."

மாப்பிள்ளையைத் தேடி இத்தனை தூரம் வந்திருக்க, அந்த மாப்பிள்ளையே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைத் தவறவிட்டதுதான் அக்காவுக்குப் பெரிய வருத்தம். "எந்தத் தூணு?" என்று கேட்டார். பிறகு என்னை முன்னால் தள்ளி, "கேக்காவள்லா, வாயத் தெறந்து சொல்லு" என்றார்.

"எனக்குச் சம்மதந்தான்" என்றேன். என் கணவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் ஓலையையும் மூணு தடவ வாசிச்சாவ. அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்துது. அவிய சபையில பாதிப் பேருக்குத் தெரியுமாம். ஒருத்தர் எந்திரிக்கல. நான் எங்க கோயில்ல தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கு ஒரு மூஞ்சி சரியில்லன்னாலும் நான் எந்திரிச்சிருப்பேன். வெக்கமாவது ஒண்ணாவது" என்றார். சற்று நேரம் கழித்து, "நல்ல பையன். சந்தேகப்படத் தெரியுது" என்று சேர்த்துக்கொண்டார். அக்கா யாரையும் இதைவிட அதிகமாகப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, குனியாமல் திரும்பிப் பார்க்கிற இந்தக் கழுத்துதான். கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் கோவில்பட்டிக் கோயிலில் யாருக்கு ஓலை வாசித்தாலும் அவர் ஒரு ஓரத்திலும் நான் ஒரு ஓரத்திலுமாகத் திரும்பிக்கொள்வோம். இனி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அடக்க ஆராதனையில் போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் பக்கம் புரட்டினார்கள். நான் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் இன்னொருவரும் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்வின்தான்.

அக்கா, இரண்டு பேருமாகப் பார்த்துவிட்டோம். கடைசி வரிசையில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள். நம்பலாம்.