வாய்க்கு எட்டாத கட்டிங் பிளேயர்

தாடை உடைந்தவர்கள் வார்டில் நோயாளியால் வாயைத் திறக்க முடியாது, கூட வந்தவர்கள் வாயை மூட மாட்டார்கள். என்னைப் போல அங்கே நர்ஸாகக் குப்பை கொட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

கதவா, பைக்கா?

2005 வாக்கில், மரக்காணம் பக்கத்திலிருந்து எங்களிடம் வரும் முகங்களைப் பார்த்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். உப்பு ஏற்றும் கோடையில் லாரிக் கதவு அடித்த தாடை. மழைக்கு உப்பளம் மூடியதும் ஈசிஆர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த தாடை.

லோடுமேன் ஏழுமலை கோடைக் கேஸ். கொக்கி கழன்ற பின்கதவு அவர் தாடையை இரண்டாக்கியிருந்தது. டாக்டர் எலும்பைச் சேர்த்து, அது அசையாமல் கூட வேண்டும் என்று மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் பிணைத்துக் கட்டினார். ஆறு வாரம் வாய் திறக்காது, கஞ்சித் தண்ணியும் ஜூஸும்தான் என்றேன். அவர் மனைவி செல்விக்குக் கவலை வேறு.

"பேசாமயே இருந்தா, கோவமா இருக்காரா இல்லியான்னு நான் எப்டி சிஸ்டர் கண்டுபுடிக்கறது?"

கேபிள்காரர் வாங்கிப் போனது

வாய் கட்டியவருக்கு வாந்தி வந்தால் வெளியே போக வழியில்லை. மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆளே போய்விடுவார். அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கட்டிங் பிளேயர் கொடுப்போம். எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று செல்விக்கு விரல் வைத்துக் காட்டினேன். இது எப்போதும் அவர் பக்கத்திலேயே இருக்கணும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் செக்கப்புக்கு வெறுங்கையோடு வந்து நின்றார்கள். பிளேயரைப் பக்கத்து வீட்டு கேபிள்காரர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. செல்வி என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"தெருவுக்கே டிவி வரல சிஸ்டர். சீரியலுக்குள்ள குடுத்துடுவாரு."

பஸ்ஸில்

நாலாவது வாரம் செக்கப்புக்கு வரும் வழியில், பஸ் கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது ஏழுமலைக்குக் குமட்டியது. இந்த முறை பிளேயர் இருந்தது. என் திட்டுக்குப் பயந்து, யாரும் கேட்டு வாங்க முடியாதபடி அவருடைய அரைஞாண் கயிற்றிலேயே செல்வி அதை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். இடுப்பில் கட்டியது வாய்க்கு எட்டவில்லை. முடிச்சும் அவிழவில்லை. அவர் திணறுவதைப் பார்த்தவள், அந்தப் பிளேயராலேயே அரைஞாணை வெட்டி, அப்புறம் பல் கம்பிகளை வெட்டி, தலையை ஜன்னல் பக்கம் குனிய வைத்துவிட்டாள்.

நேரே எங்களிடம் வந்தார்கள். டாக்டர் வாயைத் திறந்து மூடச் சொன்னார். பல் பழையபடி பொருந்தியது, எலும்பும் கூடியிருந்தது. இனி கம்பி வேண்டாம், பல்லுக்கு ரப்பர் பேண்டே போதும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏழுமலைக்குத்தான் மனசு ஆறவில்லை. பாதி திறந்த வாயோடு முதல் பேச்சே புகார்.

"செத்தவனுக்குத்தான் சிஸ்டர் அர்ணாக்கயித்த அறுப்பாங்க. இவ நான் உசுரோட இருக்கும்போதே அறுத்துட்டா."

செல்வி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் அறுக்கலன்னா, சாயந்தரம் ஊரே கூடி அறுத்துருக்கும்."

அதற்குப் பிறகு, பிளேயரை எங்கே வைக்கணும் என்பதைவிட எங்கே கட்டக் கூடாது என்பதைச் சொல்லித்தான் என் தொண்டைத் தண்ணி வற்றியது.