உட்துறைமுக ஒழுங்கையில் ஒரு வாடகை வீடு

என் மனைவி சுகந்தி பொருளியலாளர். பெயரைக் கேட்டதும் வாடகை வீட்டை மறுப்பவர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தாள். ஒரே அளவு சம்பளம் வாங்கும் இருவர் ஒரே வீட்டை அடுத்தடுத்துப் போய்க் கேட்பார்கள்; பெயர் மட்டும் வேறு. போர்நிறுத்தம் ஆட்டங்காணத் தொடங்கிய காலத்தில் அதற்காகவே திருகோணமலைக்குப் போனோம். வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்பதால் இருவரில் ஒருவன் நானானேன்.

வவுனியாவில் காலை ஆறு மணிக்கு பஸ். தூரம் நூறு கிலோமீட்டர்தான். நான்கு இடங்களில் இறக்கிச் சோதித்ததால் பதினொரு மணியாயிற்று.

மற்றவர் நிசார், குடாவுக்கு அப்பாலுள்ள கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஆசிரியர். நகரப் பள்ளிக்கு மாற்றலாகியிருந்தார். பாதை என்னும் மிதவையை நம்பித் தினமும் கடல் கடப்பது சிரமம். அவருக்கு உண்மையாகவே வீடு தேவை.

மறுநாள் பத்து மணிக்கு உட்துறைமுகத்தை ஒட்டிய குறுகிய ஒழுங்கையில் அவர் ஒரு வீட்டைக் கேட்டார். "குடுத்தாச்சு" என்றார் வீட்டுக்கார அம்மா. பத்தரைக்கு நான் போனேன். "வெறுமையாத்தான் கிடக்கு தம்பி" என்று திறந்து காட்டினார். குசினிக்குள் அடுப்புக்கு மேலிருந்த ஜன்னலில் கப்பல்கள் தெரிந்தன. பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து தேநீரும் கொண்டுவந்து தந்தார்.

ஆய்வின் விதிப்படி தலையாட்டிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை.

"அம்மா, முதல் வந்தவருக்கு ஏன் இல்லையெண்டனீங்கள்? அவருக்கு மெய்யாவே வீடு வேணும்."

அம்மா வெறுங்கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பயம் தம்பி. ஆர் ஆர் இருக்கினமெண்டு பொலிசுக்கு எழுதிக் குடுக்கவேணும். நாளைக்கு ஒண்டு நடந்தால் சனம் என்னைத்தான் கேக்கும்." பிறகு, "அவரைத் தன்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. கதைச்சுப் பாப்பம்" என்றார்.

சந்தியில் காத்திருந்த சுகந்தியிடம் சொன்னேன்.

"கேட்டுப்போட்டீங்களோ? இனி இந்த வீட்டை ஆய்வில சேர்க்க ஏலாது."

"ஓம்."

குறிப்பேட்டில் அந்த வீட்டை அடித்தாள். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது, "நாளைக்கு நானும் நிசாரோடையும் மனுசியோடையும் போறன்" என்றாள். மறுத்த கதவுகளை எண்ணிக்கொண்டே இருந்தவள், அப்படியொரு கதவுக்குள் போய்ப் பேசப்போவது அதுவே முதல்முறை.

காலையில் நிசாரின் மனைவி ரிஸ்வானா வந்தார். மூன்று பெண்களும் குசினியில் ஒரு மணிநேரம் கதைத்தார்கள். நானும் நிசாரும் வாசலில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். வெளியே வந்த ரிஸ்வானாவின் கையில் வீட்டுப் பூட்டின் திறப்பு இருந்தது.

இப்போது போகிறவர்களுக்குக் கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வாடகைக்கு வீடு தேடினால் குடும்பத்தோடு நேரில் போங்கள். வீடு இல்லையென்று சொன்னால், ஏனென்று ஒருதரம் கேளுங்கள்.

சுகந்தியின் ஆய்வில் அந்த வீடு இல்லை. அதன்பிறகு அவள் என்னை எந்தக் கதவையும் தட்டவிட்டதில்லை. ஆனால் எந்தப் பயணத்திலும் தன் பக்கத்து இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்ததுமில்லை.