கௌதாரி அடைகாத்த கொல்லை

எங்கள் தெருவில் என் வீட்டுக்கு 'புல்லு வூடு' என்று பெயர். கூரியர் கொண்டுவருகிறவருக்கும் அப்படித்தான் வழி சொல்கிறார்கள். கொல்லை முழுக்கச் சிமெண்ட் போட்டு மெழுகி வைப்பதே கௌரவம் என்று ஆகிவிட்ட பூலாம்பாடியில் ஒருவன் இடுப்பளவு புல் வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? "மாடும் இல்ல, ஆடும் இல்ல, யாருக்குங்க இந்தத் தீவனம்?" என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் போய்ப் போய் வந்ததில், புல் இருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதைப் பார்த்தேன். மக்காச்சோளம் வரப்பு வரைக்கும் ஏறி நின்றது. மிச்சம் இருந்த வரப்பையும் களைக்கொல்லி அடித்துக் கருக்கி வைத்தார்கள். எரிச்சலாக வரும், ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? டீக்கு வண்டி நிற்கும் இடத்தில் ரோட்டோரம் முற்றி நிற்கும் கொழுக்கட்டைப் புல்லின் கதிரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஓய்வு பெற்றதும் அதைத்தான் கொல்லையில் விதைத்தேன். பின்னாலேயே மயில்கொண்டைப் புல்லும் ஊசிப்புல்லும் சேர்த்தேன். எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்த புல் என்பதால் தண்ணீர் ஊற்றச் சொல்லி நச்சரிக்காது.

இரண்டாம் வருஷம் தினைக்குருவிகள் வந்தன. மெல்லிய தண்டில் கூட்டமாக உட்கார்ந்து அது வளைய வளைய கதிரைக் கொத்தும். வெட்டுக்கிளி வந்தது, அதைத் தின்ன ஓணான் வந்தது. என் மனைவிக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவே இல்லை. கொடியில் காயும் சேலையில் ஊசிப்புல் ஒட்டுகிறது என்று தினமும் எனக்கு அர்ச்சனை நடக்கும். நானும் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிடுவேன்.

போன வருஷம் சித்திரையில் அப்படி இருக்க முடியாமல் போனது. கல்லங்குறிச்சியில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? வளைகாப்பு போட்டு அவளை அழைத்து வரும் நாளைப் பேசுவதற்காகச் சம்மந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்துவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சம்மந்தி இது, காடாட்டம் கெடக்கு? பாத்ரூமும் அந்தாண்ட இருக்கு. பூச்சி பொட்டு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

பூச்சி பொட்டு என்று அவர் சொன்னது பாம்பை. எனக்குத் தெரிந்த விளக்கமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் வம்புக்குச் சொல்லலங்க. மாசமா இருக்கற புள்ளய இதுக்குள்ள அனுப்ப எனக்கு மனசு வரல. அறுத்துட்டுச் சொல்லுங்க, நாள் பாக்கலாம். இல்லாட்டிப் பிரசவத்த நாங்களே அரியலூர்ல பாத்துக்கறோம்" என்றார்.

அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இருந்ததா என்றால், இல்லை. அவர் போனதும் என் மனைவி அழுதாள். மகள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்த மூன்று மாதத்துக்குத்தான். மகளா, புல்லா என்று வந்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? அறுத்துவிடலாம் என்று நானே சொன்னேன்.

எனக்குக் கை வராது என்று தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை அவளே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சுவரோரம் ஒரு பிடி அறுத்திருப்பாள். காலடியிலிருந்து சடசடவென்று ஒரு கௌதாரி கிளம்பியது. புல் தூரில், கிண்ணம் மாதிரிக் குழிந்த இடத்தில், வெளிர் நிறத்தில் ஏழெட்டு முட்டைகள். காலையில் மதிலுக்கு அப்பால் அது கத்துவதைத்தான் கேட்டிருக்கிறேன். என் கொல்லையிலேயே அடைகாக்கிறது என்று எனக்கே தெரியாது.

அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். மகள் மாசமாக இருக்கும்போது கூட்டைக் கலைக்கவோ, அடையில் இருப்பதை விரட்டவோ எங்கள் பக்கத்தில் யாரும் துணிய மாட்டார்கள். அறுத்தால் மகளுக்கு ஆகாது. அறுக்காவிட்டால் மகளே வர மாட்டாள். கொஞ்ச நேரம் அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு என் மனைவியே சம்மந்தியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சம்மந்தி, அறுக்கத்தாங்க போனேன். உள்ள கவுதாரி அடகாக்குது."

"முட்ட இருக்கா?" என்று கேட்டார் சம்மந்தியம்மா.

"இருக்குங்க."

"அப்ப அதத் தொடாதீங்க. ஏழாம் மாசம் இல்லன்னா ஒம்பதாம் மாசம் வளைகாப்பு வச்சுக்கறது. அது குஞ்சு பொரிச்சுப் போவட்டும்."

பறவை அன்றே திரும்பி வந்து உட்கார்ந்தது. என் மனைவி துணிக்கொடியை மாடிக்கு மாற்றினாள். பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் தலை காட்டினால் தண்ணீரை வீசி விரட்டினாள். புல்லைத் திட்டிய வாய் இப்போது, ஏன் சத்தமாக இருமுகிறீர்கள் என்று என்னைத் திட்டியது. நான் பாத்ரூமுக்குப் போகும் வழியில் மட்டும் இரண்டு பக்கமும் அகலமாகச் செதுக்கிச் செங்கல் பதித்தேன். ஒரு நாள் விடிந்து பார்த்தபோது முட்டை ஓடுகள்தான் கிடந்தன. கட்டை விரல் அளவு குஞ்சுகள் தாயின் பின்னால் புல்லுக்குள் ஓடுவதை இரண்டு பேரும் படியில் நின்று பார்த்தோம். சில நாளில் எல்லாம் மதில் ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துத் தரிசு நிலத்துக்குப் போய்விட்டன.

ஆனி பிறந்ததும் சம்மந்தியம்மா வந்தார். நேராகக் கொல்லைக்குத்தான் போனார். புல் அப்படியே நின்றது.

"அதான் குஞ்சு பொரிச்சுப் போயிடுச்சே சம்மந்தி, இன்னும் ஏன் அறுக்கல?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். அவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

"நம்ம பொண்ணும் பெத்துக்கிட்டு உங்க வூட்டுக்குப் போயிரும். போயிருச்சுன்னு நாங்க அவ ரூம இடிச்சுருவோமாங்க? அந்தக் கவுதாரிக்கும் வந்து போவ ஒரு அம்மா வூடு வேணும்ல."

சம்மந்தியம்மா புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பிறந்த ஊர் ரெட்டிபாளையம் பக்கம் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"எங்க அம்மா வூடு இருந்த எடத்துல இப்ப சுண்ணாம்புக்கல் குழி" என்றார். "சிமெண்ட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. எம் பெரியவன் பொறந்தப்ப, பிரசவத்துக்கு நான் எங்கயும் போவல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் பதித்த செங்கல் மேல் பாத்ரூம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"இங்க ஒரு லைட்டு மட்டும் போட்டுருங்க" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை நல்லா இருக்கு. வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போங்க."